கதவு எண் 38

வாடகைக் கார் ஓட்டுநர் எந்த எண் என்று கேட்டார். லோந்த்ரெஸ் தெரு, 38 என்றேன். அறுபதைத் தாண்டியவர். முன்கண்ணாடிக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு கையை நீட்டி வானொலியை அணைத்துவிட்டார். தெருமுனை வரும்வரை இருவரும் பேசவில்லை. மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது, "தரையைப் பார்த்துக்கொண்டே நடங்கள், தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

சிலி நாட்டுத் தலைநகரான சாந்தியாகோவுக்கு வேலை நிமித்தமாகப் பத்து நாள் போயிருந்தேன். ராணுவ ஆட்சியாளர் பினோச்செட்டின் ரகசியப் போலீஸார், தாங்கள் பிடித்து வந்தவர்களை அடைத்து வைத்த வீடுகளைப் பற்றி அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். படித்தது வேறு, அந்த வாசலில் போய் நிற்பது வேறு. வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும், இடையில் வந்த ஒரு வார இறுதியும் இந்த வீடுகளுக்கே போயின.

லோந்த்ரெஸ் தெரு அழகான தெரு. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கருங்கல் பாவிய, லேசாக வளைந்து செல்லும் குறுகிய பாதை. இருபுறமும் பழைய ஐரோப்பிய பாணியில் கட்டிய வீடுகள், இரும்புக் கிராதி வைத்த மாடங்கள். தெருமுனையில் நகரின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்றான சான் பிரான்சிஸ்கோ தேவாலயம். அதையொட்டி அலமேதா என்னும் பெருஞ்சாலை. ஜனாதிபதி மாளிகைக்குக் கால்மணி நேர நடை. ஆட்களைக் கடத்தி வந்து வதைத்த இடம் ஊருக்கு வெளியே, காட்டுக்குள், முள்வேலிக்குப் பின்னால் இருக்கும் என்றுதான் நம் மனம் எதிர்பார்க்கிறது. இது ஊரின் நடுமார்பில் இருக்கிறது. பக்கத்து வீடுகளில் ஆட்கள் குடியிருந்தார்கள், தேவாலயத்துக்கு வந்து போனார்கள்.

1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஜனாதிபதி சல்வதோர் அயெந்தே மாளிகைக்குள்ளேயே இறந்தார். அதுவரை இந்த 38ஆம் எண் வீடு சோஷலிஸ்ட் கட்சியின் அலுவலகமாக இருந்தது. கட்சிக்காரர்கள் கூடிப் பேசிய அதே அறைகளுக்கு, சில மாதங்களுக்குள், கண்கட்டிய கைதிகளைக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது டினா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தேசியப் புலனாய்வு இயக்குநரகம். அதன் தலைவர் மனுவேல் கொன்த்ரேராஸ். சட்டப்படி அந்த அமைப்பு உருவானது 1974 ஜூனில்தான். வேலையை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு அவர்கள் வைத்த மறைபெயர் யுகதான் முகாம். 1974இன் பிற்பகுதி வரை இது இயங்கியது. தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இங்கே அடைக்கப்பட்ட பின் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் முப்பது வயதுக்குக் கீழே.

கொண்டுவரப்பட்டவர் எவருக்கும் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. வண்டியில் ஏற்றியதுமே கண்ணைக் கட்டிவிடுவார்கள். பகலெல்லாம் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி உட்கார வைப்பார்கள்; அதனால் கைதிகள் இந்த வீட்டை நாற்காலி என்றே அழைத்தார்களாம். இருந்தாலும் எந்தத் துணியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்கின் இரு பக்கமும் ஒரு விரற்கடை இடைவெளி இருந்துவிடுகிறது. அந்த இடைவெளி வழியே கீழே நோக்கினால் தரை தெரியும். வாசலைக் கடந்ததும் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போன்ற தரை. காது கட்டப்படவில்லை; மிக அருகில், அடித்தால் சுவர் அதிரும் அருகில், தேவாலய மணி. பிழைத்து வெளியே வந்தவர்களிடம் இருந்த துப்பு இவ்வளவுதான். கறுப்பு வெள்ளைத் தரை, மணியோசை, மாடிக்கு எத்தனை படி ஏறினோம் என்ற கணக்கு. பலர் இந்த நினைவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பொருத்தித்தான் எந்தத் தெரு, எந்த வீடு என்று கண்டார்கள்.

அது தெரிந்த பிறகு ஆட்சி என்ன செய்தது? 1978இல் வீட்டை, நாட்டின் விடுதலைத் தலைவர் ஓ'ஹிகின்ஸ் பெயரில் இயங்கிய ஒரு வரலாற்று நிறுவனத்துக்குக் கொடுத்தது. கதவு எண்ணை மாற்றியது. 38 என்ற எண்ணே தெருவிலிருந்து எடுக்கப்பட்டது. வாசலில் 40 வந்தது. இனி யாராவது வழக்குமன்றத்தில் போய், லோந்த்ரெஸ் 38இல் என் மகனைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால், அப்படி ஓர் எண்ணே இல்லையே என்று பதில் சொல்லலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்போமே, அதை ஓர் அரசு அரசாணையோடு செய்தது. சிலியைப் பற்றிப் படித்த எத்தனையோ கொடுமைகளுக்கு நடுவே இந்தச் சின்னச் செய்தி ஏனோ என்னை விட்டுப் போகவே இல்லை. அங்கு வதைபட்டவர்களின் உடலைத் தொடாத செயல் அது, ஓர் ஆணி, ஒரு தகடு, அவ்வளவுதான். ஆனால் ரகசியப் போலீஸ் என்றால் என்ன என்பது எனக்கு அதில்தான் முழுதாகப் புரிந்தது. அவர்களுடைய பலம் ஆயுதம் மட்டுமில்லை. முகவரி இல்லாமல் இருப்பது.

முகவரி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டுகளில் சாந்தியாகோ பெண்கள் கண்டார்கள். கணவனைத் தேடி, மகளைத் தேடி காவல் நிலையத்துக்குப் போனால் இங்கே இல்லை என்பார்கள். சிறைக்குப் போனால் பட்டியலில் இல்லை என்பார்கள். ஆட்கொணர்வு மனுக்கள் ஆயிரக்கணக்கில் போடப்பட்டன. அரசு, அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்று ஒரு வரியில் எழுதிக் கொடுக்கும். நீதிமன்றம் அந்த ஒரு வரியை நம்பி மனுவைத் தள்ளும். ஏறக்குறைய எல்லா மனுக்களும் இப்படித்தான் முடிந்தன. ஆனால் அந்த மனுக்களை எழுதியவர்கள் பிரதிகளைப் பத்திரப்படுத்தினார்கள். கர்தினால் ரவுல் சில்வா என்ரீக்கெஸ் 1976இல் தொடங்கிய ஒருமைப்பாட்டு மறைமாவட்ட அலுவலகத்தில் வழக்கறிஞர்களும் சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்து, யார் யாரை எங்கே கடைசியாகப் பார்த்தார் என்று ஒவ்வொருவர் வாய்மொழியையும் தட்டச்சு செய்து கோப்பில் போட்டார்கள். தோற்கும் என்று தெரிந்தே போட்ட மனுக்கள். பின்னாளில் விசாரணைக் குழுக்களுக்கு அவைதான் அடித்தளம் ஆயின.

1975 ஜூலையில் இன்னொரு பொய். காணாமல் போனவர்கள் 119 பேர் வெளிநாட்டில் தங்களுக்குள் சண்டையிட்டுச் செத்துவிட்டார்கள் என்று அர்ஜெந்தினாவிலும் பிரேசிலிலும் இரண்டு பத்திரிகைகளில் பட்டியல் வந்தது. அந்தப் பட்டியலுக்காகவே அச்சான போலிப் பத்திரிகைகள் அவை. சிலியின் நாளேடுகள் அதை எடுத்துப் போட்டன. அதில் ஒன்று அவர்களை எலிகளோடு ஒப்பிட்டுத் தலைப்பு வைத்தது. அந்த 119 பேரில் பலரைக் கடைசியாகப் பார்த்த இடம் இந்த வீடு. பார்த்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். கறுப்பு வெள்ளைத் தரையில் அவர்களோடு பக்கத்து நாற்காலியில் கட்டப்பட்டிருந்தவர்கள்.

காணாமல் போனவர்கள் என்று மேலே எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தாமல் விட்டுவைக்கிறேன், அந்த நாளேடுகள் அப்படித்தான் சொல்ல விரும்பின என்பதால். நம் மொழியில் இப்போது அப்படிச் சொல்வதில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்கிறோம். ஒரு வினைச்சொல்லை மாற்றி, செய்தவன் ஒருவன் உண்டு என்பதை மொழிக்குள்ளேயே எழுதி வைத்தோம். அந்தச் சொல் நமக்கு எப்படி வந்தது என்பதை இதைப் படிக்கும் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே கைதாகிக் காணாமல் ஆக்கப்பட்டோர் என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். கைது என்பதை முன்னால் வைக்காமல் அந்த ஊரில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஓட்டுநர் சொன்னபடி தரையைப் பார்த்து நடந்தேன். வீட்டு வாசலுக்கு முன்னால் பாதைக் கருங்கற்களுக்கு நடுவே கறுப்பிலும் வெள்ளையிலும் கற்கள் பதித்திருக்கிறார்கள், உள்ளே இருக்கும் தரை வழிந்து தெருவுக்கு வந்ததுபோல. இடையிடையே இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், வயது. வீழ்ந்தவனின் பெயரைக் கல்லில் வெட்டி வழியோரத்தில் நிறுத்துவது நமக்குப் புதிதில்லை. நடுகல் நிமிர்ந்து நிற்கும். இவை படுத்திருக்கின்றன. படிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். 21, 24, 19, 27 என்று வயதுகள் காலுக்கடியில் வந்துகொண்டே இருந்தன. மிதிக்காமல் நடக்க முயன்றேன், முடியவில்லை. வீடு வேறொருவர் கையில் இருந்த ஆண்டுகளில் குடும்பத்தினர் இந்த வாசலில்தான் மெழுகுவத்தி ஏற்றி நின்றார்கள். 2005இல் அரசு இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. அதன் பிறகும் வீட்டை ஏலத்தில் விற்க முயற்சி நடந்தது. அவர்கள் மறுபடி வாசலில் வந்து நின்றார்கள். கடைசியில் வீடு அரசின் கைக்கு வந்தது. 38 என்ற எண் திரும்பி வந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. காட்சிப் பெட்டி இல்லை, மெழுகுப் பொம்மை இல்லை, சித்திரவதைக் கருவி எதுவும் செய்து வைக்கப்படவில்லை. உரிந்த சுண்ணாம்பு, மரப் படிக்கட்டு, மாடியில் ஒரு சின்னக் குளியலறை, வெற்று அறைகள். எனக்கு முன்னால் போன ஒரு இளம் ஜோடி ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டார்கள், பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோல. அப்படி விட்டதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். அந்த அறைகளை நிரப்பினால் நாம் பொருட்களைப் பார்ப்போம். வெறுமையாக விட்டதால் தரையைப் பார்த்தேன். கண்ணை மூடி அல்ல, பாதி தாழ்த்தி, கட்டுக்குக் கீழே தெரிந்திருக்கக்கூடிய அளவு மட்டும். கறுப்பு, வெள்ளை, கறுப்பு. சில கட்டங்கள் உடைந்திருந்தன. நான் நின்ற நேரத்தில் தேவாலய மணி அடித்தது. எத்தனை மணி என்று எண்ண மறந்துவிட்டேன். அவர்கள் ஒன்றைக்கூடத் தவறவிட்டிருக்க மாட்டார்கள்.

வார இறுதியில் பெனலோலேன் பகுதிக்குப் போனேன். ஆண்டீஸ் மலையடிவாரம். அங்கே வில்லா கிரிமால்டி. அது ஒரு காலத்தில் பெரிய தோட்ட மாளிகை, பிறகு உணவகம். 1974லிருந்து டினாவின் தெர்ரனோவா முகாம். சுமார் 4,500 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. பின்னாளில் இரு முறை நாட்டின் ஜனாதிபதியான மிச்செல் பச்செலெத்தும் அவர் தாய் ஆங்கெலா ஹெரியாவும் 1975 ஜனவரியில் இங்கேதான் கொண்டுவரப்பட்டார்கள். தந்தை, விமானப்படைத் தளபதிகளில் ஒருவர், அதற்கு முந்தைய ஆண்டே சிறையில் இறந்திருந்தார்.

லோந்த்ரெஸில் எண்ணை மாற்றியவர்கள் இங்கே வீட்டையே எடுத்துவிட்டார்கள். சர்வாதிகாரத்தின் கடைசி ஆண்டுகளில், டினாவுக்குப் பின் வந்த ரகசியப் போலீஸ் அமைப்பின் தலைவருடைய உறவினர்கள் நடத்திய கட்டுமான நிறுவனத்துக்கு இடம் கைமாறியது. மாளிகை தரைமட்டம் ஆனது. அங்கே அடுக்கு வீடுகள் வரவிருந்தன. அக்கம்பக்கத்து மக்களும் பங்குக் கோயில்காரர்களும் பிழைத்தவர்களும் சேர்ந்து போராடி நிறுத்தினார்கள். 1997 மார்ச்சில் அது அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. லத்தீன் அமெரிக்காவில் இப்படி மீட்கப்பட்ட முதல் வதைமுகாம் அது என்பார்கள். திறப்பு விழாவில், கைதிகளை ஏற்றிவந்த வண்டிகள் நுழைந்த பழைய இரும்புக் கதவைப் பூட்டினார்கள். இனி எப்போதும் திறப்பதில்லை என்று. இன்றும் வேறு வழியாகத்தான் உள்ளே போகிறோம்.

இந்தப் பூங்காவை அமைத்தவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள், அதற்காக அவர்களை வணங்கத் தோன்றியது. எது எங்கே இருந்தது என்று சொல்லும் குறிப்புகள் எல்லாம் தரையில். வண்ண ஓட்டுச் சில்லுகளால் பதித்த எழுத்துகள். இங்கே அறைகள், இங்கே கம்பிக் கட்டில் வைத்து மின்சாரம் பாய்ச்சிய இடம், இங்கே கழிப்பிடம். கைதிகள் கண்டது தரையை மட்டும்தான். ஆகவே வருகிறவர்களும் தலை குனிந்து படிக்கட்டும். இடிபாடுகளில் கிடந்த பழைய தரையோட்டுத் துண்டுகளை வைத்துத்தான் பிழைத்தவர்கள் பல இடங்களை அடையாளம் சொன்னார்கள். ஒரு துண்டு ஓடு. அதன் நிறத்தை வாழ்நாள் முழுக்க மறக்காத ஒருவர்.

பூங்காவில் ஒரு கோபுரமும் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்காகக் கட்டிய மரக் கோபுரத்துக்குள் குனிந்து மட்டும் நுழையக்கூடிய சிறு அறைகள் செய்து, வெளியே விடப் போவதில்லை என்று முடிவான கைதிகளை அங்கே வைத்தார்கள். இப்போது நிற்பது பழைய கோபுரம் அல்ல, திரும்பக் கட்டிய மாதிரி. எனக்கு அது ஒட்டவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அளவு புரிய வேண்டும் என்பார்கள், நியாயம்தான். ஆனாலும் புது மரத்தின் வாசனை அடிக்கும் ஒரு வதையறைக்குள் தலையை நீட்டியபோது, நான் கேட்கக் கூடாத எதையோ கேட்டுவிட்டதுபோல் கூச்சமாக இருந்தது. சற்று தள்ளி, மாற்றாமல் விட்ட நீச்சல் குளம் இருக்கிறது. அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து அதில் குளித்தார்கள் என்று கைதிகளாக இருந்தவர்கள் சொல்கிறார்கள். நீலம் வெளுத்த வெற்றுக் குளம். கோபுரத்தைவிட அதுதான் என்னை நடுங்க வைத்தது.

ரோஜாத் தோட்டம். மாளிகைக் காலத்திலேயே அங்கே ரோஜாக்கள் இருந்தன. கண்கட்டோடு கழிப்பிடத்துக்கு நடத்திச் செல்லும்போது அந்த மணம் வந்ததாகப் பெண் கைதிகள் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அந்த நினைவை வைத்தே மறுபடி ரோஜா நட்டு, கொல்லப்பட்ட, காணாமல் ஆக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் ஒரு செடிக்கு வைத்திருக்கிறார்கள். நான் போனது குளிர்காலம். கவாத்து செய்து விட்டிருந்தார்கள். முள்ளும் பெயரும் மட்டும் இருந்தன. நெடுநேரம் அங்கே நின்றேன். எழுத வேறொன்றும் இல்லை.

அதே வளாகத்தில் தண்டவாளத் துண்டுகள் வைத்த ஓர் அறை. 1976 செப்டம்பரில் மார்த்தா உகார்தே என்ற ஆசிரியையின் உடல் மத்திய சிலியின் ஒரு கடற்கரையில் ஒதுங்கியது. கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவில் இருந்தவர், வில்லா கிரிமால்டியில் அடைக்கப்பட்டிருந்தவர். உடல்களைத் தண்டவாளத் துண்டோடு கட்டி ஹெலிகாப்டரில் ஏற்றிக் கடலில் வீசினார்கள் என்பது பல ஆண்டுகள் கழித்து விசாரணையில் வெளிவந்தது. நீதிபதி ஹுவான் குஸ்மான் உத்தரவின் பேரில் 2004இல் கின்டேரோ விரிகுடாவில் முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடினார்கள். துருவேறி, சிப்பி படிந்த தண்டவாளத் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் ஒரு சட்டைப் பொத்தான் ஒட்டியிருந்தது. யாருடைய பொத்தான் என்பது தெரியாது. முகவரியே இல்லாத இடம் என்று நினைத்துத்தான் கடலைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

இந்த இடங்களைக் காப்பாற்றுவது உணர்ச்சிக்காக மட்டும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1978இல் ராணுவ ஆட்சி தனக்குத் தானே பொதுமன்னிப்பு வழங்கிக்கொண்டது. 1973 செப்டம்பர் 11 முதல் 1978 மார்ச் 10 வரை நடந்த குற்றங்களுக்குத் தண்டனை இல்லை. மிகேல் ஆங்ஹெல் சாந்தொவால் என்ற இளம் தையற்காரரை 1975 ஜனவரியில் பிடித்துப் போனார்கள். வில்லா கிரிமால்டியில் அவரைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு எவரும் பார்க்கவில்லை. வழக்கு நடத்தியவர்களின் வாதம் எளிமையானது. அவரை இன்ன இடத்தில் அடைத்தது நிரூபணம் ஆகிவிட்டது. விடுவித்ததற்கோ கொன்றதற்கோ சான்று இல்லை. அப்படியானால் கடத்தல் இன்னும் முடியவில்லை. முடியாத குற்றத்துக்கு 1978 வரை மட்டும் செல்லும் மன்னிப்பு எப்படிப் பொருந்தும்? 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொன்த்ரேராஸுக்கும் மற்றவர்களுக்கும் தண்டனையை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு முழுவதும் ஓர் இடத்தின் மேல் நிற்கிறது. இன்ன வீட்டில் பார்த்தேன் என்று சொல்ல ஆள் இருந்ததால், அந்த வீடு எங்கே இருந்தது என்று காட்ட முடிந்ததால். கொன்த்ரேராஸ் 2015இல் இறந்தபோது அவர் மேல் குவிந்திருந்த தண்டனைகள் 500 ஆண்டுகளைத் தாண்டியிருந்தன.

சித்திரவதைக்கு ஆளானவர்களைப் பற்றி விசாரித்த வாலெக் குழு 2004இல் கொடுத்த அறிக்கை, நாடு முழுவதும் 1,132 தடுப்பு இடங்களைக் கணக்கெடுத்தது. பள்ளிகள், மருத்துவமனைகள், பண்ணைகள், கப்பல்கள். எஸ்மெரால்டா என்ற பாய்மரக் கப்பல் இன்றும் கடற்படையின் பயிற்சிக் கப்பலாக உலகைச் சுற்றி வருகிறது. ஈரான் தெருவில் 3037ஆம் எண் வீட்டில் பெண் கைதிகளுக்கு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. வெளியே சத்தம் கேட்காமலிருக்க இசையை உரக்க வைப்பார்கள் என்பது மட்டும் போதும். ஹொசே டொமிங்கோ கான்யாஸ் தெரு வீடு, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பனாமா தூதரகத்தின் பாதுகாப்பில் அடைக்கலம் தேடியவர்களால் நிரம்பி வழிந்தது, அதையே பிறகு டினா எடுத்துக்கொண்டது, அதுவும் இடிபட்டது. கைதிகளை அடைத்து வைத்திருந்த தேசிய விளையாட்டரங்கைப் புதுப்பித்தபோது 8ஆம் நுழைவாயிலுக்கு மேலிருந்த பழைய மரப் பலகை இருக்கைகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆட்டம் நடக்கும் நாளிலும் அங்கே யாரும் உட்காருவதில்லை.

அந்த அறிக்கையைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. சித்திரவதைக்கு ஆளான 27,000க்கும் மேற்பட்டோர் அதில் ஏற்கப்பட்டார்கள். பிறகு எண்ணிக்கை இன்னும் கூடியது. ஆனால் அவர்கள் சொன்ன சாட்சியங்களை 50 ஆண்டுகள் பூட்டி வைக்கச் சட்டம் போட்டார்கள். சொன்னவர்களின் அந்தரங்கம் காக்க வேண்டும் என்பது சரி. அதே பூட்டுக்குள் செய்தவர்களின் பெயர்களும் போய்ப் பத்திரமாகிவிட்டன. அது சரியில்லை, எப்படிப் பார்த்தாலும் சரியில்லை.

கடைசி நாளுக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்திருந்தேன். லா ரெய்னா பகுதி, சிமோன் பொலிவார் சாலை, 8800. மற்ற வீடுகளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் உயிரோடு வந்தவர்கள் சொன்னது. இந்த இடத்திலிருந்து உயிரோடு வந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே 2007 வரை அப்படி ஓர் இடம் இருந்ததே வெளியே தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது ரகசியமாகவே இருந்தது. சர்வாதிகாரம் போன பிறகும், உண்மை அறியும் குழுக்கள் வந்து போன பிறகும்.

வெளியே வந்த கதை இது. தலைமறைவாக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் விக்தோர் தியாஸ் 1976 மே மாதம் பிடிபட்டார், பிறகு தடயமே இல்லை. அந்த வழக்கில் சிக்கிய பழைய உளவாளிகள், பழியை ஓர் எடுபிடிப் பையன் மேல் போட்டார்கள். அவன் ஹொர்ஹெலினோ வெர்காரா. கிராமத்திலிருந்து வந்து, கொன்த்ரேராஸின் வீட்டில் வேலைக்காரனாகச் சேர்ந்து, பிறகு இந்த முகாமில் அதிகாரிகளுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தவன். செத்துப்போயிருப்பான் என்று நினைத்துத்தான் அவன் பெயரைச் சொன்னார்களாம். காவல்துறை தேடிக் கண்டுபிடித்தபோது நடுவயதைக் கடந்த மனிதராக உயிரோடு இருந்தார். நீதிபதி முன் அவர் பேசத் தொடங்கினார். யாரைக் கொண்டுவந்தார்கள், எப்படிக் கொன்றார்கள், விரல் ரேகையை எப்படி அழித்தார்கள், எதில் சுற்றினார்கள். டசன் கணக்கானவர்கள் மேல் வழக்குப் பதிவானது. தன்மேல் பழி வந்திராவிட்டால் அவர் பேசியிருப்பாரா? காபிக் கோப்பையோடு அந்தக் கதவைத் திறந்து மூடிய ஒருவரை நான் எந்தப் பக்கத்தில் நிறுத்துவது? விடை எனக்கு அகப்படவில்லை. அந்த வீட்டுக்குள் சென்றவர்களின் குடும்பங்களுக்கு இருக்கும் ஒரே கண் அவருடையது என்பது மட்டும் நிச்சயம்.

2023 ஆகஸ்ட் 30 அன்று சிலி அரசு தேசியத் தேடல் திட்டத்தை அறிவித்தது. உடல் கிடைக்காதவர்களாகக் கணக்கில் இருந்தவர்கள் 1,469 பேர். அதில் அதுவரை அடையாளம் காணப்பட்டவர்கள் 307 பேர். தேடும் வேலையை அரை நூற்றாண்டாக முதுகில் சுமந்த தாய்மார்களில் பலர் இப்போது இல்லை. அரசே தேடட்டும் என்று அவர்கள் கேட்டது அவர்கள் போன பிறகு நடக்கிறது.

பேருந்தை விட்டு இறங்கி எண்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அமைதியான பகுதி. மலை மிக அருகில் தெரிந்தது, உச்சியில் பனி. முகாம் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டு அந்த மனையில் வீடுகள் கட்டிவிட்டார்கள். ஒரு முற்றத்தில் குழந்தை மிதிவண்டி சாய்ந்து கிடந்தது. ஒரு வேலிக்கு முன்னால் நின்று, இதுவா அடுத்ததா என்று திரும்பிப் பார்த்தேன். இலை கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் துடைப்பத்தை நிறுத்தினார்.

"எந்த வீட்டைத் தேடுகிறீர்கள், சென்யோரா?"

எண்ணைச் சொன்னேன்.

அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். "இப்போது இருப்பதையா, முன்பு இருந்ததையா?"

"முன்பு இருந்ததை" என்றேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னோடு நடந்து வந்தார்.